நீர்ப்பூங்காவும் தாமரைக் குளமும்



கேளிக்கைப் பூங்காக்களுக்குச் செல்லும் குடும்பங்களை ரசனையற்றவர்கள் என இகழும் போக்கு வருந்தத்தக்கது. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் போன்ற நீர்ப்பூங்காக்களில், ஆண்டெல்லாம் நாற்று நட்ட பாட்டி, பேத்தியின் கையை இறுகப் பற்றியபடி முழங்காலளவு செயற்கை அலையில் நின்று வாய்விட்டுச் சிரிப்பதைக் கண்டவர்கள், அந்தச் செலவை வீண் என்று சொல்லத் துணியமாட்டார்கள். நீரில் களிப்பது நமக்குப் புதிதும் அன்று: அன்னவாசலை அடுத்த சித்தன்னவாசலில், பாறையைக் குடைந்து அமைத்த கோயிலாகிய சமணக் குடைவரையின் விதானத்தில், 9ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் தீட்டியதும் மீனும் யானையும் பறவைகளும் திளைக்க, மனிதர்கள் பூப்பறிக்கும் தாமரைக் குளமே. துறவைப் போற்றிய சமயமும் நீரின் களிப்பைத் தலைக்கு மேல் வைத்திருக்கிறது. ஆகவே பள்ளிச் சுற்றுலாக்கள் குடைவரையையும் பூங்காவையும் ஒரே பயணத்தில் இணைப்பதும், கட்டணம் கட்ட இயலாத பிள்ளைகளின் பங்கை ஊர்ப் பெரியவர்கள் ஏற்பதும் நலம்.

– வாசகர், அன்னவாசல்