மூச்சை மிச்சம் பிடிக்கத் தெரிந்த ஊர்

நம்ம லைப்ரரியில் பழைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அலமாரியை ஒரு தடவை திறந்து பாருங்க. வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க்கில் பேட்டரியை மிச்சப்படுத்துவது பற்றியே ஒரு வரிசை இருக்கும். அதில் பாதிக்கு மேல் 'லீச்' முறை. 2000-ல் எம்.ஐ.டி.யில் வெண்டி ஹைன்செல்மனும் அவருடன் இருந்தவர்களும் சொன்னது. பக்கத்துப் பக்கத்து நோடுகள் ஒரு குழுவாகச் சேரும். குழுவுக்கு ஒரு தலைவர். எல்லோருடைய டேட்டாவையும் சுருக்கி அனுப்புவது அவர் வேலை. ஒருத்தர் பேட்டரியே தீராமல் இருக்க, தலைவர் பதவி சுற்றி வரும்.

நல்ல ஐடியாதான். ஆனா நாம அதை மேட்லேப்பில் ஓட்டி, கிராஃப் கொஞ்சம் மேலே ஏறினதும் வைவா முடிச்சுட்டுப் போயிடுறோம். என் ரிப்போர்ட்டும் அந்த அலமாரிக்குத்தான் போகப் போகுது. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுறேன்.

ஏன்னா, இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிற இடம் நம்ம ஊர்க் கடல்தான். இங்கிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அதைச் சுற்றி இருக்கிற பவளப் பாறைகள் 2010-லும் 2016-லும் சூட்டில் வெளுத்தன. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானா, தனக்குச் சாப்பாடு தர்ற பாசியையே பவளம் வெளியே தள்ளிடும். சேட்டிலைட் பார்ப்பது மேற்பரப்புச் சூட்டை. பவளத்துக்குப் பக்கத்தில் எவ்வளவுன்னு அங்கே வைத்த சென்சார்தான் சொல்லும்.

உப்புத் தண்ணியில் ரேடியோ அலை தூரம் போகாது. அதனால் சென்சார் அடியில், ரேடியோ மேலே மிதவையில், நடுவில் கேபிள். இப்போ பேட்டரி கணக்கு. ரேடியோ சும்மா கேட்டுக்கிட்டு இருந்தாலே சுமார் 20 மில்லிஆம்பியர் இழுக்கும். பேசுறதுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். 2,500 மில்லிஆம்பியர்-அவர் பேட்டரி 125 மணி நேரத்தில் காலி. அஞ்சு நாளைக்கு ஒரு தடவை போட்டில் போய் மாத்த முடியுமா? அதே ரேடியோ நூத்துல ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்தால், தாளில் 12,500 மணி நேரம். ஒரு வருஷத்துக்கு மேல். நம்ம சிமுலேஷன் பலதில் இந்தச் சும்மா கேட்கிற செலவு கணக்கிலேயே வராது.

இதை நம்ம ஊர் எப்பவோ செஞ்சு காட்டிடுச்சு. அந்தக் காலத்தில் முத்துக் குளித்தவர் கல்லின் பாரத்தில் இறங்குவார். நீந்தி மூச்சை வீணாக்க மாட்டார். மேலே வரணும்னா மட்டும் கயிற்றை இழுப்பார். விடாமல் கவனிக்கிறது படகில் இருந்தவர் வேலை. அவருக்கு மூச்சுப் பஞ்சம் இல்லை. நோடும் அப்படித்தான் இருக்கணும். அரை டிகிரி மாறினால் பேசட்டும்; இல்லைன்னா நாளைக்கு ஒரு தடவை 'இருக்கேன்'னு சொன்னா போதும். கரண்ட் இருக்கிற கரை ஸ்டேஷன் முழு நேரமும் கேட்கட்டும்.

அல்காரிதமே வேண்டாம்னு சொல்லலை. ஆனா பேட்டரி தீர்றதுக்கு முன்னாடி சென்சார் மேல் பாசியும் கொட்டலசும் ஒட்டும். அலை கேபிளை அறுக்கும். இதெல்லாம் எந்தக் கிராஃபிலும் தெரியாது.

அதனால் ஜூனியர்களுக்கு ஒரே வேண்டுகோள். நூறு நோடு சிமுலேஷன் வேண்டாம். முறையா அனுமதி வாங்கி, ஒரே ஒரு மிதவை, ஒரு கோடைக்காலம். மூணாவது வாரமே அது செத்தாலும் பரவாயில்லை. ஏன் செத்ததுன்னு எழுதுங்க. அந்த ரிப்போர்ட்டை அடுத்த பேட்ச் நிஜமாவே எடுத்துப் படிப்பாங்க.