அந்தக் கொட்டகை எதற்காக வாங்கப்பட்டது?



சென்ற ஆண்டின் இறுதியில் எங்கள் வட்டார இரவுச் சந்தையில் முன்னாள் மாணவன் ஒருவனைக் கண்டேன். கைப்பேசி பழுதுபார்க்கும் கடையொன்றில் உதவியாளனாக நின்றிருந்தான். நான்காம் ஆண்டில் படித்தபோதே வகுப்பறைக் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் திருதிருவென விழித்தவன். எஸ்.பி.எம். முடித்து, பாலிடெக்னிக்கில் மின்னியல் துறையில் இடம் பெற்றுச் சென்றவன், இடையிலேயே விலகிவிட்டானாம். "ஏனப்பா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னான்: "டீச்சர், நீங்கதானே சபைகூடல்ல சொன்னீங்க, ஆப்பிள் கம்பெனி ஆரம்பிச்சவரே பாதியில நின்னவர்னு!"

விளையாட்டாகத்தான் சொன்னான். அவன் விலகியதற்கு வீட்டுச் சூழல் முதலான வேறு காரணங்கள் இருந்ததைப் பின்னர் அறிந்தேன். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில், அப்படி நான் சொன்னது உண்மை.

பல ஆண்டுகளாக அந்தக் கதையைச் சொல்லி வந்திருக்கிறேன். இரண்டு இளைஞர்கள், ஒரு மகிழுந்துக் கொட்டகை, கையில் பட்டமும் இல்லை, பணமும் இல்லை, கனவு மட்டும் இருந்தது, உலகையே மாற்றினார்கள்! தன்முனைப்புப் பேச்சாளர்கள் மேடைதோறும் முழங்கும் கதைதான். பெற்றோர் கை தட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன். அதை எந்த நூலிலும் நான் சரிபார்த்ததில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கடந்த பள்ளி விடுமுறையில்தான் ஆப்பிள் நிறுவனத்தின் தொடக்க கால வரலாற்றை ஊன்றிப் படித்தேன். நான் சொல்லி வந்தது முழுப் பொய் அன்று. ஆனால் கதையின் பாதியைக் காணோம். காணாமற்போன அந்தப் பாதியில் இருப்பவர்களோ பெற்றோரும் ஆசிரியரும்!

முதலில் அந்தக் கொட்டகையை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவின் லாஸ் ஆல்டோஸ் நகரில், கிறிஸ்ட் டிரைவ் என்னும் தெருவிலுள்ள வீட்டோடு சேர்ந்தது அது. ஸ்டீவ் ஜாப்ஸின் வளர்ப்புப் பெற்றோரான பால், கிளாரா தம்பதியர் அந்த வீட்டை ஏன் வாங்கினார்கள் தெரியுமா? பையனின் பள்ளிக்காக! அதற்கு முன் அவர்கள் மவுண்டன் வியூவில் வாழ்ந்தனர். அங்கு அவன் படித்த இடைநிலைப் பள்ளி முரட்டுத்தனம் மிகுந்தது. மூத்த பிள்ளைகளின் சீண்டல் தாங்கவில்லை. ஏழாம் வகுப்பின் நடுவில், "இனி அந்தப் பள்ளிக்குப் போகமாட்டேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டான். தந்தை இயந்திரம் பழுதுபார்ப்பவர். உயர்நிலைப் பள்ளியைக்கூட முடிக்காதவர். தாய் கணக்கெழுதும் வேலை பார்த்தவர். செல்வக் குடும்பமன்று. இருந்த பணத்தையெல்லாம் திரட்டி, நல்ல பள்ளிகள் உள்ள வட்டாரத்தில் 21,000 டாலருக்கு ஒரு வீட்டை வாங்கிக் குடிபெயர்ந்தனர். அந்த வீட்டின் கொட்டகைதான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது. படிப்பு தேவையில்லை என்பதற்குச் சான்றாக நாம் காட்டி வரும் கொட்டகை, ஒரு பிள்ளையின் படிப்புக்காக வாங்கப்பட்டது!

இதைப் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே அமர்ந்திருந்தேன்.

அடுத்து, நான்காம் வகுப்பு ஆசிரியை இமோஜீன் ஹில். நான்காம் ஆண்டுக்குக் கற்பிப்பவள் என்பதால் இவர்மீது எனக்குத் தனிப் பாசம் உண்டாகிவிட்டது. ஜாப்ஸ் அடங்காத குறும்பன். மூன்றாம் வகுப்பை முடிக்குமுன்பே இரண்டு மூன்று முறை வீட்டிற்குத் திருப்பி அனுப்பப்பட்டவன். ஹில் அவனைச் சில வாரங்கள் கவனித்துவிட்டு, ஒரு கணக்குப் பயிற்சி நூலைக் கொடுத்தார். வீட்டிற்குக் கொண்டுபோய் முடித்து வந்தால் பெரிய மிட்டாயும் ஐந்து டாலரும் தருவதாகச் சொன்னார். இலஞ்சம்தான்! கல்வித்துறை அதிகாரி யாரேனும் அறிந்திருந்தால் விளக்கக் கடிதம் கேட்டிருப்பார். ஆனால் சில மாதங்களில் பையனுக்குப் பரிசு தேவைப்படவில்லை, கற்பதே பிடித்துப்போயிற்று. நிழற்படக் கருவியைத் தானே செய்து பார்க்கும் பெட்டியொன்றையும் அவர் வாங்கிக் கொடுத்தாராம். அவரும் வேறு சிலரும் இல்லாதிருந்தால் தாம் சிறைக்குத்தான் போயிருப்போம் என்று 1995ஆம் ஆண்டு நேர்காணலொன்றில் ஜாப்ஸ் கூறினார். நம் மேடைகளில் இந்த அம்மையாரின் பெயரை யாரேனும் சொல்லிக் கேட்டதுண்டா?

இனி, இன்னொரு ஸ்டீவ். ஆப்பிள் கணினியை உண்மையில் வடிவமைத்தவர் ஸ்டீவ் வாஸ்னியாக். நம் கதைகளில் இவருக்கு எப்போதும் துணைப் பாத்திரம்தான். என்னைக் கேட்டால், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் அறிமுகப்படுத்த வேண்டியவர் இவரே. தந்தை பொறியியலாளர், சிறு மகனுக்குக் கரும்பலகையில் எழுதி மின்னணுவியலை விளக்கியவர். எட்டாம் வகுப்பிலேயே நூறு டிரான்சிஸ்டர்களைக் கொண்டு கூட்டல் கழித்தல் செய்யும் கருவியை உருவாக்கிப் பரிசு பெற்றார் மகன். ஹோம்ஸ்டெட் உயர்நிலைப் பள்ளியில் அவருடைய மின்னணுவியல் ஆசிரியர் ஜான் மெக்காலம், இந்த மாணவனுக்குத் தம் பாடம் போதவில்லை என்பதைக் கண்டுகொண்டார். ஆசிரியர்கள் இதை ஒப்புக்கொள்வது எளிதன்று! வாரம் ஒருமுறை சில்வேனியா நிறுவனத்திற்குச் சென்று உண்மையான கணினியில் நிரல் எழுதிப் பழக அவரே ஏற்பாடு செய்தார்.

வாஸ்னியாக் கணினிகளின் கையேடுகளைத் தேடிப் பிடித்து, அவற்றின் மின்சுற்றுகளைத் தாளில் மீண்டும் வரைவார். சில்லுகள் வாங்கப் பணமில்லை. ஆகவே தாளிலேயே வடிவமைப்பார். அதே கணினியை இன்னும் குறைந்த சில்லுகளில் செய்ய முடியுமா என்று திரும்பத் திரும்ப வரைவார். ஆசிரியர் கொடுத்த பாடமுமன்று, புள்ளி கொடுப்பாரும் இல்லை. 1975 மார்ச்சில் ஹோம்புரூ கணினி மன்றம் முதன்முறையாகக் கூடியபோது, பல ஆண்டுத் தாள் பயிற்சியோடு அவர் அங்குப் போய்ச் சேர்ந்தார். அவ்வாண்டு சூன் மாத இறுதியில், அவர் தட்டிய எழுத்து அவருடைய கணினியின் திரையில் தோன்றியது. பின்னர் அதற்கான பேசிக் மொழியையும், நிரலாக்க வசதிக்குச் செலவிட இயலாமல், தாளில் கையாலேயே எழுதினார். திருத்தி எழுதச் சொன்னால் முகம் சுளிக்கும் என் மாணவர்களுக்கு இதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

இவ்வளவும் நடந்தது அந்தக் கொட்டகையிலா? இல்லை. வாஸ்னியாக்கின் அடுக்குமாடி வீட்டிலும் எச்.பி. நிறுவனத்தில் அவருடைய மேசையிலும். கொட்டகைக் கதையில் கட்டுக்கதையும் கலந்திருக்கிறது என்று 2014ஆம் ஆண்டு வாஸ்னியாக்கே கூறினார். 1976 ஏப்ரல் முதல் நாள் நிறுவனம் தொடங்கியபின், பால் டெரல் என்பவரின் கடை 50 கணினிப் பலகைகளைப் பலகைக்கு 500 டாலர் என்று கேட்டது. அவற்றைப் பூட்டும் வேலைக்குத்தான் ஜாப்ஸின் வீடும் கொட்டகையும் பயன்பட்டன. தங்கை பலகைகளில் சில்லுகளைப் பொருத்தினாள். தாய் தொலைபேசி எடுத்தார். தந்தை தம் பழுதுபார்க்கும் இடத்தை விட்டுக்கொடுத்தார்.

"எல்லாவற்றையும் துறந்து துணிந்து இறங்கினார்கள்" என்பதும் சரியன்று. வாஸ்னியாக் எச்.பி. வேலையை உடனே விடவில்லை. பகலில் சம்பள வேலை, இரவில் ஆப்பிள். மைக் மார்க்குலா 250,000 டாலருக்கு வழி செய்து, வேலையை விட்டு வந்தால்தான் ஆயிற்று என்று நிபந்தனை விதித்தபோதும் முதலில் மறுத்துவிட்டார். மூன்றாவது பங்காளி ரொனால்ட் வெய்னைப் பன்னிரண்டே நாளில் பத்து விழுக்காட்டுப் பங்கை விட்டு ஓடிய ஏமாளி என்று மேடைகளில் கேலி செய்கிறார்கள். கடன் வந்தால் இழக்க அவரிடம்தான் உடைமைகள் இருந்தன. முன்பு ஒரு தொழிலில் நட்டப்பட்டவரும்கூட. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஜாப்ஸ் பட்டம் பெறவில்லை என்பதை நான் மறைக்கப் போவதில்லை. 1972இல் ரீட் கல்லூரியில் சேர்ந்து, ஒரு பருவத்தில் விலகினார். விலகிய பிறகும் ஓராண்டுக்கு மேல் அங்கேயே தங்கி, எழுத்தணிக் கலை உள்ளிட்ட விருப்பமான வகுப்புகளில் அமர்ந்தார். பெயர்ப்பதிவைத்தான் விட்டார், வகுப்பை விடவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழுவது நியாயம். பள்ளி பிடிக்காவிட்டால் வீடு மாற நம் பெற்றோரில் எத்தனை பேரால் முடியும்? அந்த வட்டாரத்தில் அண்டை வீட்டுக்காரரே எச்.பி. பொறியியலாளராக இருந்து, சிறுவன் ஜாப்ஸுக்கு மின்னணுக் கருவிகளைக் காட்டிக் கொடுத்தார். நம் பிள்ளைகளின் அண்டை வீட்டில் அப்படி யார் இருக்கிறார்? உண்மைதான். அந்தப் பிள்ளைகளுக்கு வீடும் தெருவும் கொடுத்ததை நம் பிள்ளைகள் பலருக்குப் பள்ளி ஒன்றே கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, "படிக்காமலும் வெல்லலாம்" என்று முழங்குவது வீரமன்று; கொடுமை. அடுத்த முறை நம் பள்ளிக்குப் பேச்சாளரை அழைக்கும்போது, என்ன பேசப் போகிறார் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் முன்கூட்டியே கேட்கட்டும். நான் சபைகூடலில் என் கதையைத் திருத்திச் சொல்லத் தலைமையாசிரியரிடம் நேரம் கேட்டிருக்கிறேன்.

அதற்கு முன் ஒருவனிடம் திருத்த வேண்டியிருந்தது. சென்ற வாரம் இரவுச் சந்தைக்குப் போனேன். கடையில் கூட்டமில்லை. வாஸ்னியாக்கும் படிப்பைப் பாதியில் விட்டவர்தான் என்றேன். 1981இல் விமான விபத்திலிருந்து தேறியபின் பெர்க்லி பல்கலைக்கழகத்திற்குத் திரும்பினார்; அதற்குள் பெரும் செல்வந்தர்; யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதிருக்க, நாயின் பெயரையும் மனைவியின் குடும்பப் பெயரையும் சேர்த்து ராக்கி ரக்கூன் கிளார்க் என்று பதிந்துகொண்டு படித்து, 1986இல் பட்டம் வாங்கினார்; பின்னர்ப் பல ஆண்டுகள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினி கற்பித்தார் என்றும் சொன்னேன்.

பெயரைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "பட்டம் வாங்கும்போது அவருக்கு எத்தனை வயசு டீச்சர்?"

"முப்பத்தைந்து," என்றேன்.

பாலிடெக்னிக்கில் மீண்டும் சேர விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று விசாரித்துச் சொல்வதாக அவனிடம் சொல்லியிருக்கிறேன். இதில் விவரம் அறிந்த ஆசிரியர்கள் எனக்கு எழுதினால் உதவியாக இருக்கும்.