குறைமாதச் சிசுவும் விதிவாதிகளும்

28 வாரம் நிறையுமுன் பிறந்த சிசு இறந்தால், "அதற்கு அவ்வளவுதான் ஆயுள்" என்று தாயைத் தேற்றுவோர் நம்மிடையே பலர். தேற்றுவதை நாம் குறைகூறவில்லை. அச்சொல் நிர்வாகத்தின் குறைக்கும் கேடயமாவதையே மறுக்கிறோம்.

1963 ஆகஸ்ட்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பற்றிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, நுரையீரல் விரியாமல் 39 மணி நேரத்தில் மாண்டான். செல்வத்துக்கும் அதிகாரத்துக்கும் அங்கே குறைவிருந்ததா? அறிவே அன்று குறைவு. தாய்க்கு முற்கூட்டி ஊசிமருந்து ஏற்றினால் சிசுவின் நுரையீரல் பலப்படும் என்பது 1972இல் நியூசிலாந்தில் நிறுவப்பட்டது. நுரையீரற் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாது காக்கும் மருந்தை 1980இல் ஜப்பானியர் கையாண்டு காட்டினர். இன்று பற்றிக்கினும் மிக முந்திப் பிறந்தவை வாழ்கின்றன.

முதல் நிமிடங்களுக்கு வேண்டியவையோ பெரும்பாலும் விலைமலிந்தவை. ஈரம் துடையாமலே கழுத்துவரை சுத்தமான பொலித்தீன் பையிலிட்டுத் தலைக்குத் தொப்பி அணிவித்தல். பிரசவ அறையைச் சூடாக வைத்தல். சிசுவின் நிலை இடங்கொடுப்பின் ஒரு நிமிடமாவது பொறுத்துக் கொப்பூழ்க்கொடியைக் கட்டுதல். மெல்லிய அழுத்தத்துடன் காற்றும், அளந்த ஒட்சிசனும் கொடுத்தல். அளந்த என்கிறோம், ஏனெனில் ஒட்சிசன் மிகுந்தால் கண் கெடும் என்பதை, ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வையிழந்த பின்னரே, 1950களில் உலகம் கற்றது.

வறிய நாடுகளில் இத்தகைய சிசுக்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சில நாட்களில் இறக்கின்றன. செல்வ நாடுகளில் இறப்பவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். விதி நாட்டுக்கு நாடு கணக்கை மாற்றுமோ? எல்லாச் சிசுவும் பிழைக்கும் என்று நாம் வாதிடவில்லை. 22, 23 வாரத்தில் வைத்தியரும் பெற்றோரும் கூடி முடிவெடுக்க வேண்டிய துயர வேளைகள் உண்டு. அம்முடிவை வசதியீனம் எடுக்கலாகாது.

இலங்கையில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நிகழ்கின்றன. ஆகவே, "வீட்டில் பிறந்தது, கொண்டுவரப் பிந்திவிட்டது" என்ற சாட்டு இங்கே செல்லாது. எந்த வைத்தியசாலை என்பதே கேள்வி. முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் 100 கிலோமீற்றருக்கு மேல். பிறந்த சிசுவை அம்புலன்சில் குலுக்கிக்கொண்டு ஓடுவதிலும், அறிகுறி கண்டவுடனே தாயை அனுப்புவது மேல். கருப்பைக்கு நிகரான வாகனத்தை எவரும் இன்னும் செய்யவில்லை.

இரவுப் பணியிலுள்ள தாதிக்கு இப்பயிற்சி உண்டா? தாய்க்கான ஊசிமருந்து அலுமாரியில் உண்டா? அவளை ஏற்றிச்செல்ல வாகனம் உண்டா? அடுத்த கட்டடத் திறப்பு விழாவுக்கு வரும் அமைச்சரிடம் நம் வைத்தியரும் கமக்காரரும் இம்மூன்றையும் கேட்டு, விடையை எழுத்தில் வாங்கட்டும்.