களவுக்கு ஒழுக்கம் கேடயமா?

தேர்வு நெருங்கும் நாட்களில், விடுதியில் பாடத்தைத் தவிர மற்றவை எல்லாம் பேசப்படும் என்பது நாம் அறிந்ததே. அத்தகைய ஓர் இரவில், இணையத்தில் திருட்டுத்தனமாகப் பரவும் படங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. புதிய திரைப்படத்தைத் திருட்டுப் படியில் பார்ப்பது தவறு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டனர். "வயது வந்தோர்க்கென்று எடுக்கப்படும் பாலியல் படங்களைப் பார்த்தால்?" என்று ஒருவர் கேட்டார். அறை முழுவதும் சிரிப்பு. "கெட்ட பொருளைத் திருடினால் அதுவும் திருட்டா? அந்தத் தொழிலுக்கு உரிமை வேறா?" என்றார் மற்றொருவர். சிரிப்போடு பேச்சு முடிந்தது. ஆனால் என் உள்ளத்தில் அந்த வினா முடியவில்லை. அதற்கு விடை தேட முயன்றதன் பயனே இக்கட்டுரை.

அப்படங்கள் நல்லவையா தீயவையா என்பதன்று இங்கே வழக்கு. அவற்றை வெறுக்க எவருக்கும் உரிமை உண்டு; வெறுக்கும் நண்பர்களோடு எனக்குப் பிணக்கு இல்லை. நம் வெறுப்பு களவுக்கு அனுமதிச் சீட்டு ஆகுமா என்பதே வினா.

வினா புதியதன்று. ஆங்கிலக் கவிஞர் இராபர்ட் சவுதே இளமையில், 1794இல், 'வாட் டைலர்' என்னும் நாடகத்தை எழுதினார். ஆட்சியை எதிர்க்கும் அனல் நிறைந்த அந்நாடகம் அச்சேறாமல் கிடந்தது. காலம் சென்றது, கருத்து மாறியது, கவிஞர் அரசவைப் புலவரும் ஆனார். 1817இல் அவர் இசைவின்றியே சிலர் அதை அச்சிட்டு விற்றனர். சவுதே நீதிமன்றம் சென்றார். தீங்கு விளைக்கும் நூலுக்குச் சட்டம் காவல் நிற்காது என்னும் நெறியைக் காட்டி, எல்டன் பிரபு தடை வழங்க மறுத்துவிட்டார். விளைந்தது என்ன? தீயதென்று கருதப்பட்ட நூல் ஒழிந்ததா? இல்லை! கேட்பார் இல்லை என்றதும் பலரும் மலிவாக அச்சிட்டுப் பரப்பினர். காவல் இல்லாத பொருள் மறைவதில்லை, பெருகுகிறது என்பதே அவ்வழக்கு தரும் பாடம்.

அமெரிக்காவில் 1979இல் இதற்கு நேர்மாறான தீர்ப்பு ஒன்று வந்தது. மிட்செல் சகோதரர்களின் நிறுவனத்துக்கு உரிய பாலியல் படம் ஒன்றைத் திரையரங்கு ஒன்று உரிமை பெறாமல் காட்டியது. வழக்கு வந்தபோது, "படம் ஆபாசமானது, ஆகவே அதற்குப் பதிப்புரிமை கிடையாது" என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நுழைவுச் சீட்டு விற்றுக் காசு எண்ணியபோது கூசாதவர்களுக்கு, நீதிமன்றப் படி ஏறியதும் கூச்சம் வந்துவிட்டது! மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் ஆபாசத்துக்கென்று விலக்கு எதுவும் இல்லை என்று கூறிவிட்டது. ஆக்கியவர் யார் என்று கேட்பதே அச்சட்டத்தின் வேலை. ஆக்கியவர் நல்லவரா என்று கேட்பதன்று. இதுவே சரியான நெறி என்பது என் கருத்து.

நிற்க. இணையம் வந்தபின் களவு எளிதாயிற்று. 1998இல் அமெரிக்கா 'டிஜிட்டல் மில்லேனியம் காப்பிரைட்' சட்டத்தை இயற்றியது. அதன்படி, தம் படைப்பு ஒரு தளத்தில் திருட்டுத்தனமாக ஏற்றப்பட்டிருப்பதைக் கண்ட உரிமையாளர், நீக்கக் கோரும் அறிவிக்கை ஒன்றை அத்தளத்துக்கு அனுப்பலாம். எது தம் படைப்பு, எந்த இணைய முகவரியில் அது உள்ளது, தம்மோடு தொடர்பு கொள்வது எப்படி என்பவற்றை எழுதிக் கையொப்பம் இட வேண்டும். அறிவிக்கை கிடைத்ததும் விரைந்து நீக்கிவிட்டால் தளத்துக்குப் பொறுப்பு இல்லை. பதிவேற்றியவர் மறுப்பு அறிவிக்கை அனுப்பி, உரிமையாளர் வழக்கும் தொடராவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் படம் மீண்டும் ஏறும்.

கேட்பதற்கு நேர்மையான ஏற்பாடே. நடைமுறையில் யார் சுமக்கிறார் என்று பாருங்கள். தன் வீட்டிலிருந்தே படம் எடுத்து, அதை விற்று வாழும் ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒரு தளத்தில் நீக்கச் செய்கிறாள். மாலையில் அதே படம் வேறு பெயரில் வேறு தளத்தில் நிற்கிறது. திருடுபவனுக்கு ஒரு நொடி வேலை. தேடுபவளுக்கு நாள் முழுதும் வேலை. கண்காணிக்கும் சுமை உரிமையாளர் மீதே விழுகிறது என்று 2007இல் 'பெர்ஃபெக்ட் 10' என்னும் நிறுவனம் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமே தெளிவாகக் கூறிவிட்டது. மேலும், புனைபெயருக்குப் பின்னால் வாழும் அவள், அறிவிக்கையில் தன் மெய்ப்பெயரையும் முகவரியையும் எழுதினால் அவை திருடியவன் கைக்கே போய்ச் சேரக்கூடும். உரிமையைக் கேட்பதற்கு விலை தன் பாதுகாப்பா? இது என்ன நீதி?

மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. கூச்சத்தையே ஆயுதமாக்கிய உரிமையாளரும் உண்டு. 'பிரெண்டா லா' என்னும் பெயரில் இயங்கிய வழக்கறிஞர்கள், பாலியல் படங்களைத் தாமே திருட்டுத் தளத்தில் தூண்டிலாக இட்டு, பதிவிறக்கியவர்களை மிரட்டிப் பணம் பறித்தனர். பெயர் வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சத்தாலேயே பலர் பணம் கட்டினர். அவர்களுள் பால் ஹான்ஸ்மையர் 14 ஆண்டும், ஜான் ஸ்டீல் 5 ஆண்டும் சிறைத்தண்டனை பெற்றது 2019இல். ஆகவே உரிமையைக் காக்கும் சட்டம், பொய்யான உரிமை கோருவோரையும் தண்டிக்க வேண்டும்.

அப்படியானால் வழி என்ன? வாயிற்கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பின்கட்டில் திருடனைத் தேடுவது எப்படிப் பயன் தரும்? 2020 டிசம்பரில் நடந்ததை நினைவுகூருங்கள். இசைவில்லாத படங்களும் சிறுவர் படங்களும் பார்ன்ஹப் தளத்தில் இருப்பதைப் பத்திரிகைக் கட்டுரை ஒன்று வெளிப்படுத்தியது. விசாவும் மாஸ்டர்கார்டும் பணம் செலுத்தும் வசதியை நிறுத்தின. சில நாட்களில், யார் ஏற்றினார் என்று உறுதி செய்யப்படாத இலட்சக்கணக்கான படங்களை அத்தளமே அகற்றிவிட்டது. ஆண்டுக்கணக்கில் அறிவிக்கைகள் செய்யாததைப் பணப்பை ஒரு வாரத்தில் செய்தது! முடியாது என்பதன்று, மனம் இல்லை என்பதே உண்மை என அன்று உலகம் கண்டுகொண்டது.

இது எங்கோ நடக்கும் கதை என்று எண்ணிவிட வேண்டாம். நம் நாட்டிலும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தத்தாலும், 2013இல் வந்த விதிகளாலும் இதைப் போன்ற ஏற்பாடு உண்டு. எழுத்து மூலம் புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் அணுகலைத் தடுக்க வேண்டும். 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். ஆனால் தன் அந்தரங்கப் படம் வஞ்சகமாகப் பரப்பப்பட்ட ஒரு மாணவிக்குப் பதிப்புரிமை உதவுமா? படத்தை அவளே எடுத்திருந்தால் உரிமை அவளுடையது. நம்பியவன் எடுத்திருந்தால் சட்டத்தின் கண்ணில் அவனே ஆக்கியோன்! அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், அத்தகைய புகாரின்மேல் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று வகுத்தன. அமெரிக்காவும் 2025இல் 48 மணி நேரம் என்று தனிச் சட்டம் செய்தது. படம் யாருடையது என்பதோடு, உடல் யாருடையது என்றும் சட்டம் கேட்கத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது.

இனிச் செய்ய வேண்டியவை மூன்று. ஏற்றுபவர் யார் என்பதை வாயிலிலேயே உறுதி செய்தல் வேண்டும். ஒருமுறை நீக்கிய படம் மறுமுறை ஏறாமல் தளமே காத்தல் வேண்டும். புகார் கொடுப்பவரின் மெய்ப்பெயரை மறைத்துக் காத்தல் வேண்டும்.

நான்காவது ஒன்றும் உண்டு. அது நம்மிடம் இருக்கிறது. அந்தப் பெண்ணைக் கெட்டவள் என்று பகலில் இகழ்ந்து, அவள் உழைப்பை இரவில் இலவசமாக எடுத்துக்கொள்பவன் எந்த வகையில் நல்லவன்? வேண்டாம் என்று வெறுத்து ஒதுக்குபவனை மதிக்கலாம். உரிய விலை கொடுத்து வாங்குபவனையும் புரிந்துகொள்ளலாம். இகழ்ந்துகொண்டே திருடுபவனை என்ன சொல்வது?

அன்றிரவு அறையில் எழுந்த சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மீண்டும் அவ்வினா எழுந்தால் சிரிக்க மாட்டேன். நண்பர்களே, நீங்கள்?