பெயரைக் கேட்டுச் சொன்ன தீர்ப்பு



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதத்தில், பிரிட்டனில் குடியேறிய என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஹஸ்ரத், பக்கத்து வீட்டு மூதாட்டி கிறிஸ்துமஸுக்காக ஒரு தட்டு நிறைய 'மின்ஸ் பை' தந்திருக்கிறார். சாப்பிடலாமா?" என்று கேட்டார். மின்ஸ் என்றால் கொத்துக்கறி என்பதே நான் அறிந்தது. அறுத்த முறை தெரியாத இறைச்சி, விட்டுவிடுங்கள் என்றேன். ஒரு நிமிடத்தில் முடிந்தது.

அவர் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். மறுநாள் அம்மூதாட்டியின் கண்ணில் அது பட்டுவிட்டது. "உங்களுக்காகவே மது சேர்க்காமல், தாவரக் கொழுப்பில் செய்தேனே" என்று மட்டும் சொன்னாராம்.

அதன் பிறகே நான் விசாரித்தேன். முன்பே செய்திருக்க வேண்டியது. சில நூற்றாண்டுகளுக்கு முன் அப்பலகாரத்தில் மெய்யாகவே ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ உலர்பழங்களோடு கலந்திருந்தது. காலப்போக்கில் இறைச்சி மறைந்தது. பெயர் மட்டும் நின்றது. இன்று உள்ளே இருப்பவை உலர்திராட்சை, ஆப்பிள், ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, சாதிக்காய். ஆயினும் மாட்டின் சிறுநீரகத்தைச் சூழ்ந்த 'சூயட்' என்னும் கொழுப்பையும், பல வீடுகளில் பிராந்தியையும் சேர்ப்பது மரபு. தாவர எண்ணெயில் செய்த சூயட்டும் அங்குக் கடைகளில் கிடைக்கிறது. ஆக, ஒரே பெயருடைய பலகாரம் ஒரு வீட்டில் ஆகுமானது, அடுத்த வீட்டில் ஆகாதது.

கிறிஸ்துமஸ் புட்டிங்கை வாரக்கணக்கில் முன்னதாகவே ஆவியில் வேகவைத்து வைத்திருந்து, பண்டிகையன்று பிராந்தி ஊற்றிக் கொளுத்துவர். நெருப்பில் மது முழுவதும் போய்விடும் என்று நம்மவர் சிலர் சமாதானம் கூறுவது சரியன்று. ஒரு பகுதி தங்கியே விடுகிறது. 'டிரைஃபிள்' பார்வைக்கு நம் ஃபலூடாவைப் போன்றது. அதன் அடியில் ஷெர்ரி மதுவில் நனைத்த கேக் இருக்கும். ஜெல்லியில் பன்றியின் ஜெலட்டின் இருக்கக்கூடும். வறுத்த உருளைக்கிழங்கைக்கூடச் சிலர் வாத்துக் கொழுப்பில் வறுக்கின்றனர். கறி என்ற பெயரைக் கேட்டு ஒதுங்கும் நாம் இவற்றைக் கேள்வியின்றி உண்கிறோம்.

ஃபிக்ஹுப் பாடத்தில் அறுப்பு, வேட்டை பற்றி மாதக்கணக்கில் ஓதிக்கொடுக்கிறோம். ஒரு பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதில்லை. கடல் கடந்து செல்லும் பிள்ளைகளுக்கு இதுவும் பாடமாக வேண்டும் என்பது என் கருத்து.

பிற மதத்தாரின் வழிபாட்டில் கலந்துகொள்வது வேறு. அதில் எனக்கு இணக்கமில்லை. பண்டிகை உணவைப் பெறுவதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் அறிவேன். பெறாதவரும் முகம் கோணாமல் மறுக்கலாமே! அண்டை வீட்டாரின் ஹக்கு எந்த மத்ஹபிலும் குறையவில்லை. "இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது அவமதிப்பாகிவிடும் என நம்மவர் அஞ்சுகின்றனர்.

தவறு என்னுடையது என்று அம்மூதாட்டியிடம் சொல்லி, மன்னிப்புக் கேட்கும்படி மாணவரிடம் கூறினேன். அவர் மனைவி செய்த வட்டிலப்பத்தோடு சென்றார். மூதாட்டி தட்டை வாங்கியதும் முதலில் கேட்டாராம்: "இதில் முந்திரி இருக்கிறதா? எனக்கு ஒத்துக்கொள்ளாது."