புதுக் குழாய்க்கு முன் ஒரு பதிவேடு

மதிப்பிற்குரிய நகராட்சி நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு,

பெரம்பலூரிலும் அரியலூரிலும் பாதாள சாக்கடை பொங்கித் தெருவில் ஓடுவதை நிறுத்தக் கோடிக்கணக்கில் புதுத் திட்டம் வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதவில்லை. இருக்கிற குழாயை அடைபடுவதற்கு முன்பே சுத்தம் செய்ய ஓர் ஆணையும், வேறு செலவுக்கு மாற்ற முடியாதபடி ஒரு சிறு தொகையும் கேட்டு எழுதுகிறேன்.

மழையே இல்லாத சித்திரை வெயிலில் மேன்ஹோல் பொங்கினால், ஊர் பெருத்துக் குழாய் போதாமல் போய்விட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது காரணமில்லை. உள்ளே எங்கோ அடைத்திருக்கிறது. புகார் போகிறது, ஜெட்ராடிங் வண்டி வருகிறது, தண்ணீர் வடிகிறது, எல்லோரும் மறந்துவிடுகிறோம். அதே இடம் மறுபடி அடைக்கிறது. சரிவு குறைந்த குழாய், விலகிப்போன இணைப்பு, வேர் நுழைந்த இடம், உணவகங்களுக்குக் கீழ்ப்புறத் தெரு என்று எந்த ஊரிலும் திரும்பத் திரும்பத் தொல்லை தருவது மொத்தக் குழாயில் ஒரு சிறு பகுதிதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு பதிவேடு போதும். எந்த மேன்ஹோல், எந்தத் தேதி, உள்ளேயிருந்து வந்தது எண்ணெய்க் கட்டியா, மண்ணா, துணியா, வேரா என்று ஓராண்டு விடாமல் எழுதினால், எதை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும், எதை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பது தானாகத் தெரிந்துவிடும். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் ஏறக்குறைய 50 ஆயிரம் பேர், அரியலூரில் 29 ஆயிரம் பேர். இந்த அளவு ஊர்களில் ஒவ்வொரு மேன்ஹோலையும் தனித்தனியாக அறிந்து வைத்திருக்க முடியும். சென்னைக்கு அந்த வசதி கிடையாது.

எங்கள் மண்ணையும் நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டும். கரிசல் நிலம் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த அசைவில் பூமிக்குள் இருக்கும் குழாய்களின் இணைப்பு விட்டுக்கொடுக்கும். ஐப்பசி கார்த்திகையில் அந்த இடைவெளி வழியே தண்ணீரும் களிமண்ணும் உள்ளே இறங்கும். அரியலூர் சாலைகளிலோ சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள். அந்தப் பாரத்தில் ஒரு மூடி உடைந்தால் தெருப் புழுதியெல்லாம் குழிக்குள்தான் போகும். லாரி போகும் சாலையில் அந்தப் பாரம் தாங்கும் மூடியைப் போடுவதும், உடைந்ததை அன்றே மாற்றுவதும் பெரிய செலவில்லை.

வீட்டு இணைப்பு குறைவாக இருப்பதும் அடைப்புக்கு ஒரு காரணம். உச்ச நேரத்தில் நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்கிறது மத்திய அரசின் கழிவுநீர்க் கையேடு. தெருவில் பாதி வீடுகள் செப்டிக் டேங்கோடு நின்றுவிட்டால் ஓட்டம் மெலிந்து திடக்கழிவு அடியில் படியும். இணைப்புக் கட்டணத்தை ஏழைக் குடும்பங்களுக்குத் தவணையாக்கினால் வீட்டுக்கும் நல்லது, குழாய்க்கும் நல்லது.

அடுத்தது எண்ணெய். பெரம்பலூர் நான்கு ரோட்டிலும் பாலக்கரையிலும் இரவும் பகலும் அடுப்பு எரிகிறது. பரோட்டாக் கல்லிலிருந்தும் வடைச் சட்டியிலிருந்தும் சூடாக இறங்கும் எண்ணெய் குழாய்க்குள் ஆறி, கல்லாக இறுகுகிறது. லண்டனின் வைட்சேப்பலில் 2017இல் கண்டெடுத்த கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளம், ஏறக்குறைய 130 டன். அதை உடைத்தெடுக்க வாரக்கணக்கில் ஆனது. உணவகத் தொட்டிக்குக் கீழே கொழுப்பைத் தடுக்கும் ஒரு சிறு அறையைக் கட்டி, வாரந்தோறும் வழித்தெடுத்தாலே போதும். வணிக உரிமம் புதுப்பிக்கும்போது அது இருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள். தள்ளுவண்டிக் கடைக்காரர்களிடம் அறை கட்டச் சொல்ல முடியாது. அவர்களுடைய பழைய எண்ணெயை வாங்கிக்கொள்ள நகராட்சியே ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

மழைநாளின் தவறு எங்கள் பக்கமும் இருக்கிறது. மொட்டைமாடித் தண்ணீரைப் பாதாள சாக்கடையில் விடுகிறோம். தெருவில் தண்ணீர் தேங்கினால் யாராவது மூடியை நெம்பித் திறந்துவிடுகிறார்கள். பாலித்தீனும் மணலும் அதோடு இறங்குகின்றன. எந்த வீட்டின் மழைக்குழாய் தவறாக இணைந்திருக்கிறது என்பதை மேன்ஹோலுக்குள் தீங்கற்ற புகையை ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும், அந்த மாடிக் குழாயில் புகை வரும். முதலில் அபராதம் வேண்டாம், அறிவிப்பும் அவகாசமும் கொடுங்கள்.

குழாய் சுத்தமா என்று பார்க்கப் பழைய பொறியாளர்கள் கண்ணாடியைத்தான் நம்பினார்கள். ஓட்டம் குறைந்த நேரத்தில் ஒரு மேன்ஹோலில் கம்பில் கட்டிய கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பி, அடுத்த மேன்ஹோலிலிருந்து பார்த்தால் முழு வட்டம் தெரிய வேண்டும். அமெரிக்காவின் சார்லட் நகர நிறுவனம் ஒன்று இதையே ஒலியால் செய்யும் கருவியை உருவாக்கியிருக்கிறது. ஒரு முனையில் ஒலி எழுப்பி மறுமுனையில் கேட்டால், அடைப்பின் அளவு சில நிமிடங்களில் தெரிகிறது. விலை உயர்ந்த கேமராவை, சந்தேகம் எழும் குழாய்க்கு மட்டும் அனுப்பினால் போதும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆளுக்கொரு கேமரா வண்டி எதற்கு? ஒன்றை இரு நகராட்சிகளும் முறை வைத்துப் பயன்படுத்தலாம்.

கழிவுநீரேற்று நிலையத்தில் மின்சாரம் போனால் மேற்புறத் தெருக்களில் பொங்கும். அங்கே ஜெனரேட்டரும் மாற்று மோட்டாரும் ஓடும் நிலையில் இருக்கின்றனவா என்பதை வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்த்து எழுதிவைக்க வேண்டும்.

ஐயா, நான் கேட்பதிலேயே முக்கியமானதற்கு வருகிறேன். அடைத்தபின் அவசரம் பிறக்கிறது. அந்த அவசரத்தில்தான் யாரையாவது குழிக்குள் இறக்கத் துணிகிறார்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அப்படி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாக்கடையில் இறப்போரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. அந்தத் தொகையால் யாரும் திரும்பி வருவதில்லை. பக்கத்துக் கும்பகோணத்தில் மேன்ஹோலைச் சுத்தம் செய்யும் பாண்டிகூட் ரோபோவை இறக்கிப் பார்த்திருக்கிறார்கள், வரவேற்கிறேன். ஆனால் முறை வைத்துக் கழுவிய குழாயில் அந்த அவசரமே அரிதாகிவிடும். மனித உயிரைக் காக்கும் செலவாகவே இந்தப் பராமரிப்புத் தொகையை நீங்கள் பார்க்க வேண்டும்.

பருவமழைக்கு முன் இரு நகராட்சிகளும் தொல்லை தரும் குழாய்களின் முதல் பட்டியலையும், கழுவும் தேதிகளையும் தயாரித்து அலுவலக வாசலில் ஒட்ட உத்தரவிடுங்கள். விட்டுப்போன இடங்களைச் சேர்க்க வார்டு மக்கள் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
பெரம்பலூர் நகரவாசி ஒருவர்