பொம்மையைத் தள்ளிய கைகள்

டார்ஜிலிங்கின் 'பொம்மை ரயில்' என்று செல்லமாகச் சொல்கிறார்கள். இழுக்கிற இன்ஜினுக்கு அது விளையாட்டல்ல. இரண்டடி அகலப் பாதைக்கென்று 1889-ல் கிளாஸ்கோவின் ஷார்ப் ஸ்டீவர்ட் கம்பெனி செய்து தந்த 'பி' ரகம் அது. தண்ணீர்த் தொட்டி கொதிகலன் மேலேயே சேணம் போலக் கவிந்திருக்கும். சக்கரங்கள் நான்கே, நான்கும் இழுப்பவை. எனவே மொத்த எடையும் பிடிமானமாகிறது. அப்படியும் மழையில் வழுக்கும். பற்சக்கரமும் கிடையாது. ஆகவே முன்பக்கம் இருவர் தொற்றிக்கொண்டு தண்டவாளத்தில் கையால் மணல் தூவுவார்கள். நிலக்கரி உடைக்க இன்னொருவர். 7,407 அடி உயரத்துக் கூம் வரை இப்படித்தான் ஏறியாக வேண்டும். 1999-ல் யுனெஸ்கோ பட்டியலில் இந்தப் பாதை சேர்ந்தது. மறு ஆண்டே டீசல் வந்தது. டீசலுக்கு இத்தனை கைகள் தேவைப்படவில்லை.